வாங்கியபோது பூத்ததோடு சரி: சென்னையில் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டை மறுபடி பூக்க வைப்பது எப்படி?

முகப்பேர் பால்கனி (கேள்வி)

வணக்கம். ஆர்க்கிட் அனுபவம் உள்ளவங்க பார்த்துச் சொல்லணும்.

ஃபலனாப்சிஸ் 2 செடி, டென்ட்ரோபியம் சோனியா 1. மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை வெயில், அதற்கு மேல் வெளிச்சம் மட்டும். 50 சதவீதப் பச்சை வலை வருடம் முழுக்கக் கட்டியிருக்கு.

ஃபலனாப்சிஸ் ரெண்டுமே கடையில் கொடுத்த அதே ஒளிபுகும் பிளாஸ்டிக் கப்பில், பாசி (ஈரம் பிடித்து வைக்கும் ஸ்பேக்னம் பாசி) அடைத்தபடியே இருக்கு. அந்தக் கப் ஒரு பீங்கான் ஜாடிக்குள். தலா 5 இலை, கரும்பச்சை, சுருக்கம் இல்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு புது இலை வருது, பூத்தண்டு மட்டும் வரவே இல்லை. 3 நாளுக்கு ஒரு முறை ஆர்ஓ தண்ணீர். உரம் 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் சம அளவு), லிட்டருக்கு 2 கிராம், மாதம் ஒரு முறை.

டென்ட்ரோபியத்தில் பூவுக்குப் பதில் தண்டின் மேல் கணுவில் குட்டிச் செடி முளைக்குது. இலை இதிலும் கரும்பச்சைதான்.

வெப்பம்தான் காரணமா, உரமா, வெளிச்சமா? எதை முதலில் மாற்றணும்?

---

கரியும் ஓடும்

பூவுக்கு முன்னாடி வேரைப் பாருங்க. ஃபலனாப்சிஸ் இலை தடிமனானது, தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். அதனால் வேர் பாதி செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே நிற்கும். இலையை மட்டும் பார்த்து ‘செடி நல்லா இருக்கு’ன்னு முடிவு பண்ண முடியாது.

பீங்கான் ஜாடியைத் தூக்கிப் பாருங்க. அடியில் தண்ணீர் நின்றால் ஆபத்து அங்கேதான். பாசியை இறுக்கி அடைத்துக் கொடுப்பது தைவான் பண்ணைகளின் கணக்கு. அங்கே காற்றோட்டம், ஈரம், வெப்பம் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும், கப் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். அதே கப்பை ஓட்டை இல்லாத ஜாடிக்குள் வைத்து, 3 நாளுக்கு ஒருமுறை கணக்கு வைத்து ஊற்றினால் நடுப்பாசி காயவே காயாது. மேலே தொட்டால் வறண்டிருக்கும், உள்ளே பிழிந்தால் சொட்டும்.

கப்பை வெளியே எடுத்து வேரின் நிறத்தைப் பாருங்க. வெள்ளி சாம்பல் நிறம்னா காய்ந்திருக்கு, தண்ணீர் கொடுக்கலாம். பச்சைன்னா ஈரம் இருக்கு, காத்திருங்க. பழுப்பு நிறத்தில் தொளதொளன்னு இருந்தா அழுகல். சந்தேகம் வந்தா அந்த வேரை ரெண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்க. அழுகிய வேரின் மேலுறை உருவிக்கொண்டு கையோடு வரும், நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். நல்ல வேர் உருவாது, கெட்டியாக இருக்கும்.

மாற்றி நடுவதானால் முறை இதுதான். செடியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்க, வேர் வளையும் பதத்துக்கு வரும். பாசியை முழுக்க எடுத்துடணும். நடுவில் சிலசமயம் நாற்றுப் பருவத்தில் வைத்த தேங்காய் நார்க்கட்டி அல்லது ஸ்பாஞ்சு ஒளிந்திருக்கும், அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குது. கத்தரியை நெருப்பில் காட்டி அல்லது 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, செத்த வேரை மட்டும் வெட்டுங்க. ஒரு செடி முடித்து அடுத்ததைத் தொடும் முன் மறுபடி துடைக்கணும், வைரஸ் கத்தரி வழியாகத்தான் பரவும். வெட்டிய முனையில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வைக்கலாம். முனையில் மட்டும். வேர் முழுக்கத் தூவினால் நல்ல வேரும் உலர்ந்து போகும். ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு நடுங்க.

சென்னைக்கு நான் சொல்லும் கலவை: தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, அடுப்புக்கரி 2 பங்கு, ஓட்டுச் சில்லு 1 பங்கு, எல்லாம் ஒன்றரை முதல் 2 செ.மீ. அளவில். பைன் பட்டை கிடைத்தால் மட்டைக்குப் பதில் அதுவே மேல். கரி மரக்கரியாக இருக்கணும், தூள் போகக் கழுவணும். பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சுக்கரி வேண்டாம், அதில் பசையும் சேர்மானமும் இருக்கும்.

மட்டைத் துண்டில்தான் எல்லாரும் அவசரப்படறாங்க. அதில் உப்பு இருக்கும். 3 நாள் ஊறப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்க. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தா ஊறிய தண்ணீரை அளந்து, புதுத் தண்ணீரை விட 50 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு மில்லிகிராம்) மேல் வித்தியாசம் இல்லாத வரை தொடருங்க. கடைசி இரவு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஊறப் போட்டு அலசினால், மட்டையில் ஒட்டியிருக்கும் சோடியமும் வெளியேறிடும்.

தொட்டி பெரிசா இருக்கட்டும்னு நினைக்காதீங்க. வேர்க்கட்டு எவ்வளவோ அவ்வளவுக்கே, பெரும்பாலும் 10 முதல் 12 செ.மீ. போதும். வேர் இல்லாத இடத்தில் ஈரம் தங்கி அழுகும். நட்ட பிறகு செடி ஆடக் கூடாது, ஆடினால் புது வேர் முனை உரசி நின்னு போகும். ஒரு குச்சி வைத்துக் கட்டிடுங்க.

---

ராத்திரி ராணி

சிம்பிள் வழி ஒண்ணு இருக்குங்க. நைட்ல ஏசி போட்ட பெட்ரூம்ல வெச்சு, காலைல திரும்ப பால்கனிக்கு. பகல் இரவு வெப்ப வித்தியாசம் கிடைச்சா தானா ஸ்பைக் (பூத்தண்டு) வரும். ஒரு மாசம் செஞ்சு பாருங்க.

---

இலைத்துளை

இந்த இரவு ஏசி யோசனை இணையம் முழுக்க இருக்கிறது, ஆனால் சென்னையில் பலன் தராது. காரணம் சொல்கிறேன்.

பெரிய பூ ஃபலனாப்சிஸ் கலப்பினங்களில் பூத்தண்டைத் தீர்மானிப்பது பகல் வெப்பம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைத் தனியாகப் பிரித்துச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். பகல் 29 டிகிரியில் வைத்த செடிகளுக்கு இரவில் 17 டிகிரி வரை குளிர் கொடுத்தும் ஏறக்குறைய எதுவும் தண்டு விடவில்லை. பகலும் இரவும் மாறாமல் 20 அல்லது 23 டிகிரியில் வைத்தவற்றில் பெரும்பாலானவை விட்டன. அதாவது வித்தியாசம் தேவையே இல்லை, பகல் குளிர்ந்திருக்க வேண்டும். 26 டிகிரியை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போகப் போகச் செடி இலை விடுவதிலேயே நின்றுவிடும்.

உங்கள் செடி அதைத்தான் செய்கிறது. சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவு 21 டிகிரி பக்கம் இறங்கும், ஆனால் பகல் 28, 29ஐத் தொட்டுவிடும். வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து மேகம் மூடிய நாட்கள் வந்தால் பகல் 26க்குக் கீழே நிற்கும். அந்த வருடம் சில வீடுகளில் தானாகத் தண்டு வரும். அடுத்த வருடம் வராது. இந்த அதிர்ஷ்டத்தைத்தான் ஆளாளுக்கு வாழைப்பழத்தோல் கரைசல், அரிசி கழுவிய நீர் என்று எதன் கணக்கிலாவது எழுதிவிடுகிறார்கள். பெங்களூரில் குளிர்காலப் பகல் 27 பக்கமும் இரவு 16 பக்கமும் இருப்பதால் நிழலில் வைத்தாலே வேலை முடிகிறது. ஏற்காடு, கொடைக்கானல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது பகல் ஏசி. ஒரு செடிக்காக வீட்டு ஏசியை 5 வாரம் ஓட்டுவது வீண்செலவு. அந்த மின்கட்டணத்துக்குப் பூத்த செடியே நாலு வாங்கலாம். அலுவலகத்தில் பகல் முழுக்க 23, 24 டிகிரியில் ஏசி ஓடுகிறது என்றால் செடியை அங்கே கொண்டுபோய் வையுங்கள். மாலையில் ஏசி நின்றாலும் அக்டோபருக்குப் பிறகு இரவில் பிரச்சினை இல்லை. கண்ணாடி ஜன்னலுக்கு அருகில், ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்காத இடம். ஜன்னல் இல்லையென்றால் 18 முதல் 20 வாட் வெள்ளை எல்இடி விளக்கை இலைக்கு 30 செ.மீ. மேலே தொங்கவிட்டு 12 மணி நேரம் எரிய வையுங்கள். இருட்டில் குளிர் மட்டும் கொடுத்தால் செடியிடம் தண்டு தள்ளச் சர்க்கரை இருக்காது.

தொடங்கும் காலம் முக்கியம். 4 முதல் 6 வாரக் குளிருக்குப் பிறகு தண்டு கண்ணில் படும், அங்கிருந்து பூ மலர இன்னும் 10 முதல் 12 வாரம். டிசம்பரில் தொடங்கினால் மொட்டு விடும்போது மார்ச் கடைசி, வெயிலில் உதிரும். அக்டோபர் நடுவில் தொடங்கினால் நவம்பர் இறுதியில் தண்டு, பிப்ரவரியில் பூ. தண்டு 10 செ.மீ. தாண்டிய பிறகு பால்கனி நிழலுக்குத் திரும்பலாம். அதற்கு முன்பே 30 டிகிரிக்கு மேல் காட்டினால் தண்டு நின்றுபோகலாம், அல்லது பூவுக்குப் பதில் கணுவில் குட்டி வரலாம்.

வேர் வருகிறதா தண்டு வருகிறதா என்று குழம்ப வேண்டாம். தண்டு இலைக்கக்கத்திலிருந்து, பெரும்பாலும் மேலிருந்து மூன்றாவது நான்காவது இலைக்குக் கீழே, சற்றுத் தட்டையாக, பக்கவாட்டில் ஒரு சிறு மடிப்போடு வெளியே வரும். வேரின் முனை உருண்டை, பளபளப்பு.

இன்னொன்று. காலையில் தண்ணீர் ஊற்றினால் இலை நடுக்குருத்தில் விழுந்த நீர் மாலைக்குள் காய்ந்துவிடும். இரவில் குருத்தில் நீர் தேங்கி நின்றால் குருத்தழுகல். இந்த இனம் ஒற்றைத் தண்டில் மேல்நோக்கி மட்டும் வளர்வது, குருத்து போனால் மேலே இனி இலை இல்லை.

---

தெம்பனிஸ் காரிடார்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வருடம் முழுக்க 25க்கும் 32க்கும் நடுவில்தான், உங்கள் டிசம்பர் கூட எங்களுக்குக் கிடையாது. சீனப் புத்தாண்டுக்குக் கடை கடையாக நிற்கும் ஃபலனாப்சிஸ் எல்லாம் வெளியே குளிரூட்டிய பண்ணையில் தண்டு வரவழைத்துக் கொண்டுவந்தவை. வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் காரிடாரில் வைத்தால் இலை மட்டும் கொழுக்கும். அதனால் நிறைய பேர் அதைப் பூங்கொத்து மாதிரி வாங்கி, 2, 3 மாதம் ரசித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். அதில் தப்பும் இல்லை.

ஃபலனாப்சிஸே வேண்டும், குளிரும் முடியாது என்றால் ஆளை மாற்றுங்கள். போர்னியோவின் ஃபலனாப்சிஸ் பெல்லினா, மலாய் தீபகற்பத்தின் வயலேசியா, அப்புறம் கார்னு-செர்வி. மூன்றுமே தாழ்நிலக் காட்டுச் செடிகள், சூட்டிலேயே பூக்கும். பூ சின்னது, ஒரு நேரத்தில் ஒன்று இரண்டுதான், ஆனால் பெல்லினாவின் வாசனை பெரிய வெள்ளைப் பூவில் தேடினாலும் கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: இவற்றின் பழைய தண்டை வெட்டவே கூடாது. அதே தண்டு நுனியிலிருந்து வருடக்கணக்கில் அடுத்தடுத்து மொட்டு விடும். பெரிய பூ வகைக்குப் படித்த ‘பூ முடிந்தால் தண்டை வெட்டு’ பழக்கத்தை இதில் காட்டி நிறைய பேர் வருங்காலப் பூவையெல்லாம் குப்பையில் போடுகிறார்கள்.

மொட்டை மாடி இருந்தால் கதையே வேறு. எங்கள் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம், இப்போது பாப்பிலியோனந்தே பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். 1893இல் பதிவான கலப்பினம், 1981இல் தேசிய மலர் ஆனது. இலை பென்சில் போல உருண்டை. அப்படிப்பட்ட இலையைப் பார்த்தாலே முழு வெயில் கேட்கும் செடி என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவேர் உள்ள நுனித்தண்டு 60 செ.மீ. வெட்டி, ஒரு கம்பத்தோடு கட்டி, அடியில் மட்டைத் துண்டு போட்டுத் தினமும் தண்ணீர். செடியின் தலை கம்பத்தைத் தாண்டி வெயிலில் நிமிர்ந்த பிறகுதான் பூக்கும், அதனால் கம்பத்தை உயரமாக நட்டுவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்கக் கூடாது. கம்பம் ஒன்றேகால் மீட்டர் போதும்.

மொக்காராவும் அதே ரகம். அராக்னிஸ், அஸ்கோசென்ட்ரம், வாண்டா மூன்றையும் கலந்து இங்கே உருவான இனம். கேரளாவில் தென்னந்தோப்பு ஓரமாகவே வெட்டுப்பூவுக்குப் பாத்தி போட்டு வளர்க்கிறார்கள், சென்னைக் கடலோர ஈரப்பதத்துக்கு நன்றாக வரும்.

---

முகப்பேர் பால்கனி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கப்பை எடுத்துப் பார்த்தேன். ஜாடி அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் இருக்கு. வெள்ளைப்பூச் செடியில் நல்ல வேர் 4, ஊதாக் கோட்டுச் செடியில் 9. வெள்ளையில் அழுகல் அதிகம். மேலே காற்றில் நீட்டியிருக்கும் வேர் ரெண்டிலும் நல்லா இருக்கு.

இப்ப ஆகஸ்ட். ரெண்டையும் மாற்றி நட்டு, அக்டோபரில் ஆபீஸ் கொண்டுபோகலாமா? ஆபீஸில் 24 டிகிரி, பெரிய கண்ணாடி ஜன்னல், வடக்குப் பக்கம். டென்ட்ரோபியத்துக்கும் அதே குளிர் தேவையா?

---

இலைத்துளை

ஊதாக் கோட்டுச் செடி போகலாம். வெள்ளை வேண்டாம். 4 வேரில் தண்டு வந்தாலும் பூ மெலிந்து நிற்கும், செடி பூத்துவிட்டுச் செத்தும் போகலாம். அதற்கு இந்தக் குளிர்காலம் வேர் விடும் காலமாகப் போகட்டும். 5 இலை, குறைந்தது 6, 7 நல்ல வேர் என்பது என் அளவுகோல். தெரியாத்தனமாக வெள்ளை தண்டு விட்டால் 2 செ.மீ. இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள், மனசு வராதுதான்.

காற்றில் நீட்டிய வேரைத் தொட்டிக்குள் திணிக்க வேண்டாம். காற்றுக்குப் பழகிய வேர் உள்ளே போனால் பெரும்பாலும் அழுகும். புதிதாக வருபவை தானாக உள்ளே இறங்கும்.

வடக்கு ஜன்னல் அக்டோபர் முதல் ஜனவரி வரை மங்கல். விளக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கரியும் ஓடும்

டென்ட்ரோபியத்துக்குக் குளிர் வேண்டாம், குழப்பிக்காதீங்க. சோனியா தாய்லாந்து வழி வந்த வெப்ப வகை, சூட்டிலேயே வருஷத்தில் பல முறை பூக்கும். குளிர் கேட்பது நோபிலி வகை, சிக்கிம் மாநிலத்தின் மலர். அதற்கு இலையுதிர்ந்த பிறகு உரம் நிறுத்தி, தண்ணீர் குறைத்து, இரவு 10 முதல் 14 டிகிரி காட்டணும். சென்னைச் சந்தையில் நோபிலி கொடுத்தால் வாங்காதீங்க, முதல் பூவோடு சரி.

உங்க சோனியாவின் பிரச்சினை வெளிச்சம். கரும்பச்சை இலை, கணுவில் குட்டி, ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது. டென்ட்ரோபியம் இலை இளம்பச்சையாக, லேசாக மஞ்சள் பாய்ந்து இருக்கணும். காலை வெயிலே 3 மணி நேரம்தான், அதையும் பாதி வலை வடிகட்டிடுது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வலையை எடுத்துடுங்க. ஒரேடியாக வேண்டாம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. மதியம் இலையைத் தொட்டுப் பாருங்க. கையை விடச் சூடாக இருந்தா கருகப் போகுதுன்னு அர்த்தம். அக்னி நட்சத்திர நேரத்தில் வலை மறுபடி கட்டாயம்.

குட்டி வருவதற்கு இன்னொரு காரணம் தொட்டிக்குள் வேர் செத்திருப்பது, அதையும் பார்த்துடுங்க. குட்டியின் வேர் 5 செ.மீ. ஆனதும் கொஞ்சம் தாய்த்தண்டோடு சேர்த்து வெட்டித் தனியாக நடலாம். இலை உதிர்ந்த பழைய தண்டை மட்டும் அழகு கெடுதுன்னு வெட்டிடாதீங்க. சேமிப்பு அங்கேதான் இருக்கு, பூவும் பழைய தண்டு நுனியிலிருந்து வரும். மஞ்சளாகிச் சுருங்கிக் காய்ந்தால் மட்டும் எடுக்கணும்.

இதுக்கு மட்டை கூட வேண்டாம். கரியும் ஓட்டுச் சில்லும் பாதிப் பாதி, தண்டுக்கட்டுக்கு இறுக்கமான சின்ன மண்தொட்டி. ஏப்ரல், மே மாதத்தில் தினமும் காலையில் தண்ணீர், மழைக்காலத்தில் பார்த்துதான்.

இப்ப உரம். லிட்டருக்கு 2 கிராம் மாதம் ஒரு முறைங்கிறது செடியைப் பட்டினி போட்டு ஒரே நாளில் விருந்து வைப்பது. 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை. நைட்ரஜன் கணக்கில் 95 பிபிஎம் வரும், அது போதும். வேர் ஈரமாக இருக்கும்போதுதான் உரநீர், காய்ந்த வேரில் ஊற்றினால் முனை கருகும். நீங்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவதால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் இல்லை, 19:19:19இலும் பொதுவாக இருக்காது. நாலாவது வாரம் அதற்குப் பதில் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம். இடையில் ஒரு முறை எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), லிட்டருக்கு கால் கிராமுக்குச் சற்று மேல். கால்சியம் நைட்ரேட்டை மற்றதோடு ஒரே வாளியில் கெட்டியாகக் கரைக்காதீங்க, வெள்ளையாக வீழ்படிவாகி அடியில் தங்கிடும், செடிக்கு ஒண்ணும் கிடைக்காது. மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரை இரண்டு மூன்று தடவை தொட்டி வழிய ஊற்றி உப்பைக் கழுவி விடணும். ஆர்ஓ மிஷினில் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நம்மூரில் இருக்கு. கீரைக்குக் கூட யோசிக்கணும், ஆர்க்கிட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

---

ஸ்கார்பரோ யன்னல்

கனடாவில இருந்து ஒரு சின்ன ஒப்பீடு. உங்களுக்குப் பெரிய பிரச்சினையா இருக்கிற குளிர் இங்க சும்மா கிடைக்குது. ஒக்டோபரில இருந்து வீட்டுக்குள்ள பகல் 20, 22 பாகைதான், அதால ஃபலனாப்சிஸ் கார்த்திகை மார்கழியில தண்டு விட்டு மாசி பங்குனியில பூத்திடும். ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஆனா இங்க வேற தொல்லை. ஹீட்டர் ஓடத் தொடங்கினா ஈரப்பதம் 30 வீதத்துக்குக் கீழ போயிடும், மொட்டு மஞ்சளாகி விழும். பனிக்காலத்தில இலை கண்ணாடியில முட்டினா அந்த இடம் கறுத்து அழுகும். மார்கழியில வெளிச்சம் காணாது, தெற்கு யன்னல்தான் வேணும். உங்கட ஊரில தெற்கு வெயில் இலையைச் சுட்டுப்போடும்.

இதைச் சொல்லுறதுக்குக் காரணம், இணையத்தில நீங்கள் வாசிக்கிற குறிப்பு முக்கால்வாசியும் இப்பிடி எங்கட யன்னலுக்கு எழுதினது. ‘வாரம் ஒருக்கா மூண்டு ஐஸ்கட்டி’ எண்டு பெட்டியில அச்சடிச்சு விக்கினம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜோர்ஜியா பல்கலைக்கழகமும் சோதிச்சுப் பாத்ததில வேருக்குக் கேடு வரேல்லை எண்டுதான் முடிவு. அது வீட்டுக்குள்ள, பட்டைக் கலவையில வைச்ச செடிக்கு. சென்னை மே மாசத்தில மூண்டு ஐஸ்கட்டித் தண்ணி எந்த மூலைக்குக் காணும்? அதே மாதிரி ‘ஈரப்பதத் தட்டு வையுங்கோ’ எண்டதும் உங்களுக்குத் தேவையில்லாதது. உங்களுக்கு மேசை விசிறி ஒண்டுதான் கூடப் பிரயோசனம்.

தண்ணி எப்ப விடுறது எண்டு கணக்குப் பாக்க ஒரு வழி: சமையல் தராசு. நல்லா நனைச்சு வடிஞ்ச பிறகு தொட்டியை நிறுத்து எழுதிவையுங்கோ, 520 கிராம் எண்டு வைப்பம். வேர் வெள்ளியாகின நாளில திருப்பி நிறுங்கோ, 390 எண்டு வைப்பம். பிறகு நாள் கணக்குத் தேவையில்லை, 390க்கு வந்தா ஊத்துங்கோ. ஏசி அறையில அதுக்கு எட்டு நாளும் எடுக்கும், பல்கனியில ரெண்டு நாளில வந்திடும்.

மொட்டு வந்தாப் பிறகு பக்கத்தில வாழைப்பழம், மாம்பழம் வைக்காதையுங்கோ. பழுக்கிற பழத்தில இருந்து வாற எத்திலீன் மொட்டைக் கொட்டப்பண்ணும். அலுவலகப் பான்ட்ரிக்குப் பக்கத்தில செடியை வைக்கிற ஆக்கள் இதைக் கவனிக்க வேணும்.

---

வேப்பமர வாண்டா

இடையில் ஒரு கேள்வி. ஊர்ப்பக்கம் வேப்ப மரத்தில் தானாக ஒட்டி வளரும் ஆர்க்கிட் இருக்கிறது, பழுப்புக் கட்டம் போட்ட பூ, நல்ல வாசனை. அதைப் பெயர்த்து வீட்டில் வளர்க்கலாமா? சென்னை வெயிலுக்கு அதுதானே பொருத்தம்?

---

இலைத்துளை

நீங்கள் சொல்வது வாண்டா டெசெல்லாட்டாவாக இருக்கும். தமிழ்நாட்டின் வறண்ட சமவெளியிலும் இலங்கையிலும் வேம்பு, மா மீதெல்லாம் வளர்வது. சூட்டுக்குப் பொருத்தம் என்பது உண்மை, பெயர்ப்பது வேண்டாம். மரப்பட்டையோடு ஒட்டிய வேரைப் பிய்த்தால் பாதி அங்கேயே நின்றுவிடும், வளர்ந்த செடி மீள்வது கடினம். ஆர்க்கிட் விதை தூசிக்குச் சமம், உள்ளே உணவே கிடையாது. மரத்தில் சரியான பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும், எடுத்த இடத்தில் இன்னொன்று சீக்கிரம் வராது. காட்டுப்பகுதி என்றால் சட்டப்படியும் குற்றம். எல்லா ஆர்க்கிட்டும் அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் நாட்டு எல்லை தாண்டினால் அனுமதித் தாளும் வேண்டும்.

காற்றில் முறிந்து விழுந்த கிளையில் இருந்தால் கிளையோடு எடுத்து, அப்படியே பக்கத்து மரத்தில் கட்டுங்கள். நம் நாட்டு இனங்களை நேரில் பார்க்க ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வளர்க்க ஆசை என்றால் திசு வளர்ப்பில் வந்த வாண்டா கலப்பினங்கள் பண்ணைகளில் கிடைக்கின்றன. மரக்கூடையில் நடவுக் கலவை எதுவும் இல்லாமல் தொங்கவிட்டு, காலையில் ஒரு முறை நனைத்து, 5 நிமிடம் விட்டு, வேர் முழுக்கப் பச்சையாகும் வரை மறுபடி நனைக்க வேண்டும். தெளிப்பான் கையில் வைத்து ரெண்டு சீறல் அடிப்பது வாண்டாவுக்குத் தண்ணீர் கொடுத்த கணக்கில் சேராது. அடி இலை ஒவ்வொன்றாக மடங்கி உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை.

---

முகப்பேர் பால்கனி

புரிந்தது. கடைசியா ஒன்று. ஊதாக் கோட்டுச் செடியின் இலைக்கக்கத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கு. ஆபீஸில் வைத்தால் பரவுமா?

---

கரியும் ஓடும்

மாவுப்பூச்சி. அதை ஒழிக்காம ஆபீஸ் கொண்டுபோகாதீங்க, ஏசி அறையில் மழையும் இல்லை, அதைத் தின்னும் பூச்சியும் இல்லை, ஜாலியாகப் பெருகும். காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்க. இலையும் தண்டும் சேரும் மடிப்பில் காய்ந்த சருகு மாதிரி உறை இருக்கும், அதை உரித்துப் பார்க்கணும், கூட்டமே அதுக்குள்ளதான். முட்டை பொரிந்து வருவதால் வாரம் ஒருமுறை, நாலு வாரம். மாற்றி நடும்போது வேரிலும் பாருங்க, வேர்களுக்கு நடுவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பழைய கலவை ஒரு துண்டு கூட மிச்சம் வைக்காம வேரைக் கழுவுங்க.

பால்கனியில் மீதி செடிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., அதோடு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு, நன்றாகக் குலுக்கி மாலையில் அடிங்க. வெயில் நேரத்தில் அடித்தால் இலை வெந்துடும், பூவில் பட்டால் கறை விழும். அடித்த பிறகு குருத்தில் தேங்கிய நீரை டிஷ்யூ பேப்பர் முனையால் ஒற்றி எடுத்துடுங்க.

எறும்பு ஏறுதான்னும் பாருங்க. அதுதான் மாவுப்பூச்சியை ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததுக்குத் தூக்கிட்டுப் போகுது.